கிரேன்காரரின் முதுகும் வயிறும்

அந்தக் கட்டட வேலையிடத்தில் அவரை எல்லோரும் ஆகாசம் என்றுதான் கூப்பிட்டார்கள். கோபுரக் கிரேன் ஓட்டுகிறவர். காலையில் இரும்பு ஏணியில் ஏறி, கட்டடத்துக்கும் மேலே நிற்கும் கண்ணாடிக் கேபினுக்குள் போய் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் இறங்குவார். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அதைச் சம்பளம் போடுகிறவரைத் தவிர யாரும் கேட்டதில்லை. பட்டப்பெயர் வைத்த புண்ணியவான் அவருடைய சொந்த மச்சான், மனைவியின் தம்பி.

தரையில் நின்று சிக்னல் கொடுப்பது மச்சானின் வேலை. கொக்கியில் எதை மாட்டுவது, எங்கே இறக்குவது, எப்போது நிறுத்துவது என்று வாக்கிடாக்கியில் அவன் சொல்லச் சொல்ல ஆகாசம் லீவரை அசைப்பார். பாதி நேரம் சுமை இறங்கும் இடமே மேலேயிருந்து தெரியாது. அதனால் அந்தத் தொழிலில் ஒரு கட்டுப்பாடு: ஒரு கொக்கிக்கு ஒரு குரல். இரண்டு பேர் ஆளுக்கொன்று சொன்னால் கிரேன்காரன் எதையும் கேட்கக் கூடாது. சூப்பர்வைசரே குறுக்கே பேசினாலும் ஆகாசம் லீவரிலிருந்து கையை எடுத்துவிட்டு, "யாராவது ஒருத்தர் பேசுங்க" என்பார். கீழே இருந்தவர்களுக்கு அது தலைக்கனமாகப் பட்டது. கொஞ்சம் தலைக்கனம் இருந்ததும் உண்மைதான். தன் தலைக்கு மேல் ஆளே இல்லாத இடத்தில் வருஷக்கணக்காக உட்கார்ந்தவனுக்கு அது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

முதுகு வலி எப்போது ஆரம்பித்தது என்று அவருக்கே சரியாகத் தெரியாது. விடியற்காலையில் எழுந்தால் இடுப்பிலிருந்து கழுத்து வரை ஒரே பலகையாக இருக்கும். குனிந்து பூட்ஸ் மாட்ட முடியாது. மனைவி தரையில் உட்கார்ந்து மாட்டிவிடுவாள். விரல் மூட்டுகள் வீங்கி, கோப்பையின் கைப்பிடிக்குள் விரல் நுழையாது. வேடிக்கை என்னவென்றால், ஏணியில் ஏற ஏற வலி குறையும். பாதி உயரம் போவதற்குள் உடம்பு இளகிவிடும். சும்மா படுத்துக் கிடந்தால்தான் கொல்லும்.

"வேலை செஞ்சா வலிக்கலையாம், தூங்கி எழுந்தா வலிக்குதாம். உலகத்துல இல்லாத வியாதியா இருக்கே உங்களுக்கு," என்பாள் மனைவி.

வயிற்றுக் கதை வேறு. அதை அவர் வியாதி என்றே எண்ணவில்லை. கேபினில் கழிப்பறை கிடையாது. இறங்கிப் போய் வந்தால் கிரேன் நிற்கும். கிரேன் நின்றால் கீழே எல்லா வேலையும் நிற்கும். சூப்பர்வைசர் வானத்தைப் பார்த்துக் கத்துவார். அதனால் கிரேன் ஓட்டுகிறவர்கள் காலையில் தண்ணீர் குறைவாகக் குடிப்பார்கள், குறைவாகச் சாப்பிடுவார்கள். இவருக்கு அது போதவில்லை. எதைச் சாப்பிட்டாலும் சற்று நேரத்தில் அடிவயிறு முறுக்கிக்கொண்டு வந்தது. வேலை நேரத்தில் சாப்பிடுவதையே விட்டார். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வீடு கட்டுகிறவர்கள் உண்டு. இவர் அப்படிக் கட்டிக் காத்தது அந்தக் கேபினை. தெருமுனை டாக்டரிடம் போய், வயிற்றுப்போக்கு நிற்க மாத்திரை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். லாரி ஓட்டுகிறவருக்கு இடுப்பு வலிப்பதுபோல இதுவும் தொழிலோடு ஒட்டிக்கொண்டு வருவது என்று முடிவுகட்டிவிட்டார்.

மனைவிக்கு இதில் ஒரு வார்த்தை தெரியாது. தினமும் விடியுமுன் எழுந்து ரொட்டியும் முட்டையும் பழமும் பையில் வைத்துக் கொடுப்பாள். கேபினிலிருந்து தொங்கும் கயிற்றில் பை மேலே போகும், சாயங்காலம் வெறும் டப்பாவோடு வீட்டுக்கு வரும். அவளுக்கு ஒரே ஒரு குறைதான். "என் தம்பியும் உங்களோடதான் வேலை பாக்கறான். அவன் நாளுக்கு நாள் ஊதுறான். நீங்க மட்டும் ஏன் இப்படிக் குச்சியா இருக்கீங்க?"

"உடம்பு வாகு," என்பார் ஆகாசம்.

முதுகுக்காகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவரை இழுத்துக்கொண்டு போனவளும் அவள்தான். மூட்டு டாக்டர் ஒரு பெண்மணி; சின்ன உருவம், அவசரமே இல்லாத குரல். எக்ஸ்ரேயையும் ரத்தப் பரிசோதனையையும் பார்த்தார். காலையில் விறைக்கிறது, வேலை செய்தால் இளகுகிறது என்று மனைவி சொன்னதும், "அதுதான் இந்த நோயோட குணம்," என்றார். பிறகு அவரைப் பார்த்துக் கேட்டார்.

"வயித்துல ஏதாவது தொந்தரவு உண்டா? அடிக்கடி வெளிய போறது, வலி, ரத்தம்?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல, டாக்டர்."

ஏன் அப்படிச் சொன்னார்? பாதி வெட்கம். ஒரு பெண் டாக்டரிடம், அதுவும் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, அந்தச் சமாசாரத்தைப் பேச அவருக்கு நா எழவில்லை. மறுபாதி அந்தத் தொழில் கட்டுப்பாடு. முதுகுக்கு இந்தம்மா, வயிற்றுக்குத் தெருமுனை டாக்டர். இரண்டு பேரையும் குறுக்கே குறுக்கே பேசவிட்டால் சுமை எங்கே போய் இடிக்குமோ! ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துகொண்டு இப்படி யோசித்தவர் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார். தன் உடம்பு இரண்டு கிரேன் இல்லை, ஒன்றே ஒன்றுதான் என்பது அந்த மனுஷனுக்கு உறைக்கவில்லை.

மூட்டு டாக்டர் பொறுமையாக விளக்கினார். "நம்ம ரத்தத்துல காவல் காக்குற செல்கள் இருக்கு. கிருமி வந்தா ஒண்ணுக்கொண்ணு தகவல் அனுப்பிச் சண்டைக்குத் திரளும். உங்களுக்குக் கிருமியே வரல, ஆனா தகவல் ஓடிக்கிட்டே இருக்கு. திரண்டு வந்ததுங்க உங்க முதுகையும் மூட்டையும் தாக்குது. ஒவ்வொரு தகவலுக்கும் நாங்க ஒரு நம்பர் வச்சிருக்கோம். பதினேழாம் நம்பரை மட்டும் போய்ச் சேரவிடாம அடைக்கிற ஊசி ஒண்ணு இருக்கு. அதைப் போட்டுப் பாக்கலாம்."

"அந்தச் சேனலை அடைச்சிடுறீங்க," என்றார் ஆகாசம்.

"ஏறக்குறைய அதேதான்," என்று சிரித்தார் டாக்டர். ஆகாசத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தன் உடம்பும் வாக்கிடாக்கியில்தான் ஓடுகிறது என்று மச்சானிடம் ஒரு வாரம் பெருமையடித்தார்.

ஊசி வேலை செய்தது. சில வாரங்களில் விரல் வீக்கம் வற்றியது. ஒரு நாள் விடியற்காலை மனைவி வழக்கம்போல பூட்ஸை எடுத்துக்கொண்டு தரையில் உட்காரப் போனாள். "வேணாம்," என்று சொல்லிக் குனிந்து அவரே மாட்டி, நாடாவையும் முடிந்தார். அவள் சமையலறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்தாள். அவர் அதைக் கவனித்தார். கவனிக்காததுபோல முடிச்சை அவிழ்த்து இன்னொரு தரம் போட்டார். இருவருக்கும் அன்று இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

அதே சமயத்தில் வயிறு மோசமாகிக்கொண்டு வந்தது. முன்பு சாப்பிட்டால்தான் முறுக்கும். இப்போது பட்டினி கிடந்தாலும் முறுக்கியது. மாத்திரையைக் கூட்டினார். ரத்தம் போக ஆரம்பித்தது. பார்த்துப் பயந்துபோனார். ஆனாலும் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஊசி மேல் சந்தேகமே வரவில்லை. முதுகுக்குப் போட்ட ஊசி முதுகோடு நிற்காமல் வேறெங்கே போகும்? அவருக்கு இருந்ததெல்லாம் ஒரே பயம்தான். முதுகு பழையபடி ஆனால் ஏணி ஏற முடியாது. வயிற்றைப் பற்றி வெளியே தெரிந்தால் கம்பெனி ஏறவிடாது. எப்படிப் பார்த்தாலும் கேபின் போய்விடும். கீழே நின்றுகொண்டு வேறொருவன் ஓட்டும் கிரேனை அண்ணாந்து பார்ப்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அன்று ஒரு கான்கிரீட் சுவர்த் துண்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு அறையின் சுவர் முழுதும் ஒரே துண்டு. அதை மேல்தளத்தில் வாங்கி நிறுத்த நாலைந்து பேர் கையில் கயிற்றோடு காத்து நின்றார்கள். சுவர் அவர்கள் தலைக்கு நேராக வந்தபோது வயிறு முறுக்கியது. இதுவரை வந்த முறுக்கல் எதிலும் சேராத முறுக்கல். கண் இருட்டியது.

"மெதுவா... இன்னும் கொஞ்சம்... இடது பக்கம்..." என்று மச்சானின் குரல் வந்துகொண்டே இருந்தது. ஆகாசம் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டார். கை லீவரைவிட்டு நழுவவில்லை. சுவர் அசையாமல் இறங்கித் தன் இடத்தில் உட்கார்ந்தது. கையைக் காப்பாற்றியவரால் வயிற்றைக் காப்பாற்ற முடியவில்லை.

"அத்தான், கொக்கியைக் கழட்டியாச்சு. எடுங்க."

கொக்கி அசையவில்லை.

"அத்தான்?"

"மெஷின்ல ஏதோ ஒழுகுது," என்றார் ஆகாசம். "கொஞ்ச நேரம் ஆகும்."

"எண்ணெயா?"

"ஆமா."

மச்சான் அந்தக் குரலை நன்றாக அறிந்தவன். யாரும் கேட்காத சேனலுக்கு மாறச் சொல்லிவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டான். "அத்தான், நிஜமா என்ன?"

"ஒரு உடுப்பு வேணும்டா," என்று மேலேயிருந்து வந்தது.

சாப்பாட்டுக் கயிற்றில் பை மேலே போனது. அவசரத்துக்கு மச்சானிடம் இருந்தது அவனுடைய மாற்று உடுப்பு மட்டும்தான். அந்தக் கால்சட்டைக்குள் ஆகாசம் இரண்டு பேர் புகலாம். இடுப்பில் கயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொண்டு ஏணி வழியாக இறங்கிவந்தவரைப் பார்த்துக் கொத்தனார் ஒருவர், "என்ன ஆகாசம், மேகத்தையும் சேர்த்துக் கட்டிக்கிட்டு வந்துட்டீங்களா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆகாசமும் சிரிக்கப் பார்த்தார். கடைசிப் படியில் கால் மடங்கி, மச்சான் மேல் சரிந்தார்.

"உங்க அக்காகிட்ட சொல்லிடாதடா," என்றார் வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது.

"அதெல்லாம் அப்பவே போன் போட்டுச் சொல்லியாச்சு. பேசாம படுங்க."

குடல் டாக்டர் தடித்த கண்ணாடி போட்டவர். மெல்லிய குழாய்க் கேமராவை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, குடல் நெடுகப் புண் என்றார். புதிது மட்டுமல்ல, ஆறாத பழைய புண்ணும் இருக்கிறது என்றார். கட்டிலைச் சுற்றி மனைவியும் மச்சானும் நின்றார்கள்.

"காலையில வழக்கமா என்ன சாப்பிடுவார்?" என்று டாக்டர் கேட்டார்.

மனைவி தயங்காமல் ஒப்பித்தாள். ரொட்டி, முட்டை, பழம், மத்தியானத்துக்குத் தனி டப்பா, ஒரு பருக்கை மிச்சம் வைக்க மாட்டார். டாக்டர் எலும்பும் தோலுமாகக் கிடந்தவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மூலையிலிருந்து மச்சான் தொண்டையைச் செருமினான்.

"அதையெல்லாம் நான்தான் சாப்பிட்டேன், அக்கா."

"பசிக்கலைன்னு பையை அப்படியே கயித்துல கீழே இறக்கிடுவாரு. கொட்டினா உனக்கு மனசு கஷ்டப்படும்னு என்னைச் சாப்பிடச் சொல்லுவாரு," என்று மச்சான் இழுத்தான். தன் பெரிய உடம்பை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றான். மனைவி கணவரின் போர்வையைச் சரிசெய்தாள். சரியாக இருந்ததையே மறுபடியும் சரிசெய்தாள்.

குடல் டாக்டர் போன் செய்ய, மேல் மாடியிலிருந்து மூட்டு டாக்டர் இறங்கி வந்தார். அவர் உள்ளே நுழைந்ததும் ஆகாசத்தின் முகத்தில் ஈயாடவில்லை.

"நீங்க அன்னைக்கே கேட்டீங்க. நான்தான் மறைச்சிட்டேன், டாக்டர்."

"கேட்டேன். இன்னொரு தடவையும் கேட்டிருக்கலாம்," என்றார் அவர். திட்டவில்லை. கட்டில் ஓரத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "அந்தப் பதினேழாம் நம்பர் உங்க மூட்டுல கலகம் பண்ணுது. ஆனா குடல்ல அதுக்கு நல்ல வேலையும் உண்டு. குடலோட உள்சுவரைக் காக்குறதுல அதுக்கும் பங்கு இருக்கு. குடல் நல்லா இருக்கறவங்களுக்கு அதை அடைச்சாலும் பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. உள்ளே ஏற்கெனவே புண் இருந்தா அது கிளம்பிடலாம்."

"அப்போ முதுகுக்கு ஒரு டாக்டர், வயித்துக்கு ஒரு டாக்டர்னு..." என்று ஆரம்பித்தார் ஆகாசம்.

"டாக்டர் ரெண்டு பேர் இருக்கட்டும்," என்றார் குடல் டாக்டர். "வியாதி ஒண்ணுதான். ஒரே கலகம், ரெண்டு இடத்துல நடக்குது. இனிமே நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டுத்தான் மருந்து எழுதுவோம்."

இரண்டு இடத்திலும் ஓடுகிற வேறொரு தகவல் இருக்கிறதாம். அதை அடைக்கும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்ற வேண்டும். அது உடம்பின் காவலைக் கொஞ்சம் தளர்த்தும்; ஆகவே காசநோய் எங்கேயாவது பதுங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தொடங்குவார்கள். பல பேருக்குக் கேட்கிறது, எல்லோருக்கும் கேட்கும் என்று சொல்ல முடியாது என்று இருவரும் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்கள்.

வீடு திரும்பிய அன்று மனைவி கஞ்சியை முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

"இத்தனை வருஷம் பசிச்சுதா?" என்று கேட்டாள்.

"பழகிப்போச்சு."

"எனக்குப் பழகல," என்று சொல்லிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மருந்து ஏற்றும் அறையில் சாய்வு நாற்காலிகள் வரிசையாக இருந்தன. நரம்பில் ஊசி குத்தும் சிஸ்டர் கெட்டிக்காரி. சினிமா பேசிக்கொண்டே குத்திவிடுவாள். முதல் தடவை ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது தடவைக்குப் பிறகு ரத்தம் நின்றது. அதற்கப்புறம் முதுகும் மெல்ல இளகியது. முந்தைய ஊசி அளவுக்கு இல்லை, ஆனால் பூட்ஸ் மாட்டும் அளவுக்கு. ரொட்டி தின்றார். தின்றது உள்ளேயே தங்கியது. அதை அவர் மனைவியிடம் ஏதோ பரீட்சையில் தேறியவர்போலச் சொன்னார்.

நாற்காலியில் சாய்ந்து சொட்டுகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவருக்கு அந்தச் சுவர்த் துண்டு நினைவுக்கு வரும். சுவர்கூட அல்ல, அதன் கீழே கயிற்றோடு நின்றவர்கள். ஒருவன் தலைக்கவசத்தைத் தூக்கி நெற்றியைச் சொறிந்துகொண்டிருந்தான். கண் இருட்டிய அந்த ஒரு கணத்தில் கை நழுவியிருந்தால்? தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவர்களுடைய உயிரைக் கொக்கியில் மாட்டியிருந்தோமே என்று நினைக்கும்போதெல்லாம் உடம்பு கூசும். இனி கேபின் கிடைக்குமா என்ற கவலையோடு, கிடைத்தால் அதற்குத் தகுதி உண்டா என்ற கவலையும் சேர்ந்துகொண்டது.

கேபின் கிடைத்தது. டாக்டர்கள் எழுதிக் கொடுத்தார்கள். கம்பெனி டாக்டரும் சரி என்றார். உடம்பு சொன்னால் உடனே இறங்கிவிட வேண்டும் என்பது நிபந்தனை. சூப்பர்வைசர் தலையாட்டினார். "கண்டிப்பா இறங்குங்க. ஆனா..." என்று நிறுத்திக்கொண்டார். அந்த "ஆனா"வைத் தூக்கக் கிரேன் வேண்டும்போல இருந்தது.

இதற்குள் பக்கத்தில் இரண்டாவது கிரேன் ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். அதை ஓட்டியவர் இளவயதுக்காரர், வாய் திறவாதவர். இரண்டு கிரேனின் கைகளும் ஒன்றின் எல்லைக்குள் ஒன்று வரும். ஆகவே ஒருவர் கேபினைவிட்டு இறங்குவதானால் எல்லோரும் கேட்கும் பொதுச் சேனலில் சொல்லிவிட்டுத்தான் இறங்க வேண்டும். சுழல் பிரேக்கை விட்டுவிட்டால் காற்று வீசும் பக்கம் கிரேனின் கை தானாகத் திரும்பும்; அது அடுத்த கிரேனுக்குத் தெரிய வேண்டும்.

திரும்பி வந்த சில நாள் ஒரு தொந்தரவும் இல்லை. பிறகு ஒரு காலை, கம்பிக்கட்டு ஒன்றைத் தூக்கப்போகும் நேரத்தில் அடிவயிற்றில் லேசாக ஒரு பிடிப்பு. பழையது மாதிரி இல்லை. ஒன்றுமில்லாமலும் போகலாம். கீழே லாரிகள் வரிசையில் நின்றன. சூப்பர்வைசர் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார். தாக்குப்பிடித்துவிடலாம் என்று ஒரு மனம் சொன்னது. அவருக்கு நன்றாகத் தெரிந்த மனம் அது. சட்டென்று பொதுச் சேனலை அழுத்தினார்.

"ஒண்ணாம் கிரேன் பேசுறேன். எனக்குக் குடல்ல வியாதி இருக்கு. இப்போ வயித்தைப் பிடிக்குது, இறங்கியாகணும். பிரேக்கை விட்டுட்டு இறங்குறேன்."

கொத்தனார், கம்பி கட்டுகிறவர்கள், லாரிக்காரர்கள், கேட்டில் நின்ற காவல்காரர் எல்லோருடைய வாக்கிடாக்கியிலும் அது ஒலித்தது. அவருக்குக் காது சுட்டது. யாரும் சிரிக்கவில்லை. கடைசியில், "சரி அத்தான், பாத்து இறங்குங்க," என்ற மச்சானின் குரல் மட்டும் வந்தது.

கதவைத் திறந்து ஏணியில் கால் வைக்கப்போன சமயம் வாக்கிடாக்கி மறுபடி கரகரத்தது.

"ரெண்டாம் கிரேன்." தயங்கிய குரல். "நானும் இறங்கிக்கட்டுமா?"

சூப்பர்வைசர் என்னவோ கத்த ஆரம்பித்து நடுவில் விட்டுவிட்டார். இரண்டு கிரேன்களும் நின்றன.

லாரி கேட்டின் பக்கம் தகரக் கழிப்பறை ஒன்றே ஒன்று இருந்தது. ஆகாசம் அங்கே போய்ச் சேர்ந்தபோது அந்த இளவயதுக்காரர் அவருக்கு முன்பே வந்து, உள்ளே போகாமல், பெரியவர் வரட்டும் என்று ஓரமாக நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது. ஒரு கை வயிற்றில் இருந்தது.

"எத்தனை நாளா?" என்று ஆகாசம் கேட்டார்.

அவர் தரையைப் பார்த்தார். "ரெண்டு வருஷம் இருக்கும்ணே. வீட்டுல கூடத் தெரியாது."

ஆகாசம் கதவை இழுத்துத் திறந்து பிடித்துக்கொண்டார். "முதல்ல நீ போ," என்றார்.